மெதுவியக்கமும் இடைச்செருகலும்: காட்டுயிர்க் காணொளியில் மென்பொருள் ஆக்கும் சட்டகங்களின் சான்றுமதிப்பு

ஆய்வுச்சுருக்கம்

பறவை, பூச்சி முதலிய உயிர்களின் விரைவான அசைவுகளைக் கண்ணுக்குப் புலப்படச் செய்யும் உத்தியாக மெதுவியக்கக் காட்சி நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. உயர்வேகப் படக்கருவியால் மட்டுமே இயன்ற இப்பணியை இன்று கணினி மென்பொருள்களும் செய்கின்றன. அவை பதிவான இரு சட்டகங்களுக்கு இடையே பதிவாகாத புதிய சட்டகங்களைக் கணித்து நிரப்புகின்றன. இம்முறை செயற்படும் விதத்தையும், அதன்வழிப் பெறப்படும் காட்சியை ஆய்வுச் சான்றாகக் கொள்வதில் எழும் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்ப் பதிப்பியலில் நிலைபெற்ற ‘இடைச்செருகல்’ என்னும் கருத்தாக்கம் இச்சிக்கலைத் தெளிவுபடுத்த உதவும் என்பதை எடுத்துக்காட்டி, ஆய்வாளர் பின்பற்றத்தக்க நெறிகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: மெதுவியக்கம், சட்டக வீதம், இடைச்சட்டகம், இடைச்செருகல், காட்டுயிர்க் காணொளி, சான்றுமதிப்பு

முன்னுரை

விழுப்புரத்தை அடுத்துப் பம்பை ஆற்றங்கரையில் அமைந்த திருவாமாத்தூர், தேவாரப் பாடல் பெற்ற நடுநாட்டுத் தலங்களுள் ஒன்று. ஊர்ப்பெயரில் உள்ள ‘ஆ’ பசுவைக் குறிப்பதாகக் கொண்டு, பசுக்கள் வழிபட்டுக் கொம்பு பெற்ற இடம் எனத் தலபுராணம் உரைக்கிறது. இப்பகுதியின் வயல்வெளிகளில் மேயும் மாடுகளின் காலடியை ஒட்டியே உண்ணிக்கொக்குகள் நடந்து செல்வதை இன்றும் காணலாம். மாட்டின் குளம்பு பட்டுப் புல்லிலிருந்து எழும் பூச்சியைக் கொக்கு கழுத்தை நீட்டிக் கவ்வுகிறது. அந்நிகழ்வு நொடியின் ஒரு சிறு கூற்றுக்குள் முடிந்துவிடுவதால் வெறுங்கண்ணுக்கு அதன் தொடக்கமும் முடிவும் மட்டுமே தெரிகின்றன. பூச்சி எப்போது எழுந்தது, அது திசைமாறியபோது கொக்கு தன் அலகைத் திருத்திக்கொண்டதா, முதல் முயற்சியிலேயே இரை சிக்கியதா என்னும் வினாக்களுக்கு விடை காண மெதுவியக்கக் காட்சி தேவைப்படுகிறது.

இதே மாவட்டத்தின் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்துள்ள கழுவேலி ஈரநிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வலசை வரும் பறவைகளைக் கைப்பேசியிலும் எண்ணிமப் படக்கருவியிலும் பதிவுசெய்யும் மாணவர்களும் ஆர்வலர்களும் பலர். பதிவை மென்பொருளில் இட்டு, ஒரு பொத்தானை அழுத்தி, எட்டு மடங்கு மெதுவாக்கிப் பகிர்வது இன்று எளிது. அக்காட்சியின் அழகு எவரையும் ஈர்க்கும். ஆயின் அதே காட்சி ஆய்வேட்டில் படமாகவும் அளவீடாகவும் இடம்பெறும்போது, திரையில் காணும் அசைவைப் பறவை உண்மையில் நிகழ்த்தியதா, மென்பொருள் கற்பித்ததா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவே இக்கட்டுரையின் மையப்பொருளாகும்.

மெதுவியக்கத்தின் அடிப்படை

காணொளி என்பது நிலைப்படங்களின் வரிசை. ஒவ்வொரு நிலைப்படமும் சட்டகம் எனவும், ஒரு நொடியில் பதிவாகும் சட்டகங்களின் எண்ணிக்கை சட்டக வீதம் எனவும் இங்குக் குறிக்கப்பெறுகின்றன. திரைப்படத்தின் வழக்கமான வீதம் 24. இந்தியத் தொலைக்காட்சியின் வீதம் 25. கைப்பேசிகளில் பெரும்பாலும் 30. பதிவு வீதம் காட்டும் வீதத்தினும் மிகுந்திருந்தால் காட்சி மெதுவாகத் தோன்றும். நொடிக்கு 240 சட்டகங்களாகப் பதிந்ததை 30 ஆகக் காட்டினால் அசைவு எட்டு மடங்கு மெதுவாகிறது. இங்குத் திரையில் வரும் ஒவ்வொரு சட்டகமும் படக்கருவி உண்மையில் கண்டதாகும். இதனை மெய்ம்மெதுவியக்கம் எனலாம்.

விலங்கியக்க ஆய்வும் இவ்வுத்தியும் ஒன்றையொன்று வளர்த்தவை. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும் கணம் உண்டா என்னும் வினாவுக்கு 1878இல் எட்வர்டு மைபிரிட்ஜ் 12 படக்கருவிகளை வரிசையாக நிறுத்தி விடை கண்டார். 1882இல் பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் எத்தியன்-ழூல் மாரே, நொடிக்கு 12 படங்கள் எடுக்கும் துப்பாக்கி வடிவப் படக்கருவியைக் கொண்டு பறவைகள் பறப்பதைப் பதிவு செய்தார். 1904இல் ஆஸ்திரியப் பாதிரியார் ஆகஸ்ட் முஸ்கர் மெதுவியக்கத் திரையீட்டுக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கலைக்கு உரியதாக இன்று கருதப்படும் இவ்வுத்தி, கண் காணாததை அறிவதற்கான அறிவியல் தேவையோடு நெருங்கிய தொடர்புடையது என்பது இவ்வரலாற்றால் விளங்கும்.

மெய்ம்மெதுவியக்கத்திற்கு ஒரு விலை உண்டு. 240 வீதத்தில் ஒரு சட்டகம் ஒளியைப் பெறும் நேரம் நொடியில் 240இல் ஒரு பங்கை மீற இயலாது. 30 வீதத்தில் 60இல் ஒரு பங்கு நேரம் ஒளி பெறும் பதிவோடு ஒப்பிட்டால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறைகிறது. பறவைகள் மிகுதியாக இயங்கும் விடியற்பொழுதிலும் அந்தியிலும் இக்குறை படத்தில் புள்ளி இரைச்சலாக வெளிப்படும். பல கருவிகளில் வீதம் கூடும்போது படத்தின் நுணுக்கமும் குறைகிறது. உயர்வேகப் படக்கருவிகளோ மாணவர் வாங்கும் விலையில் இல்லை. ஆகவே, இயல்பு வீதத்தில் தெளிவாகப் பதிந்துகொண்டு பின்னர் மென்பொருளால் மெதுவாக்கும் வழி பலரையும் ஈர்க்கிறது.

மென்பொருள் இடைச்சட்டகத்தை ஆக்கும் முறைகள்

நொடிக்கு 30 சட்டகங்கள் கொண்ட பதிவை எட்டு மடங்கு மெதுவாக்கினால் ஒவ்வோர் இரு சட்டகங்களுக்கும் இடையே ஏழு இடங்கள் வெறுமையாகும். அவற்றை நிரப்பும் முறைகள் நான்கு வகைப்படும்.

முதலாவது, நகலிடல். முந்தைய சட்டகமே மீண்டும் மீண்டும் காட்டப்படும். காட்சி விட்டுவிட்டு நகரும். ஆயினும் புதிதாக எதுவும் சேர்க்கப்படுவதில்லை.

இரண்டாவது, கலத்தல். முன்பின் சட்டகங்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக மெலிதாகப் பதிக்கப்படும். விரையும் சிறகு இரு நிழல்களாகத் தோன்றுவதால் செயற்கை எளிதில் புலப்படும்.

மூன்றாவது, ஆப்டிகல் ஃப்ளோ எனப்படும் ஒளியோட்டக் கணிப்பு. முதற்சட்டகத்தின் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த சட்டகத்தில் எங்கு நகர்ந்துள்ளது எனக் கணித்து, அவ்வழியின் இடைப்பட்ட நிலைகளில் அப்புள்ளியை வைத்துப் புதுச் சட்டகம் வரையப்படுகிறது. இதற்கான அடிப்படைக் கணிதமுறைகளை ஹார்ன்–ஷுங்க் இணையரும் லூகாஸ்–கனாடே இணையரும் 1981இல் வெளியிட்டனர். ட்விக்ஸ்டர் என்னும் மென்பொருளும், அடோபி பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் ஆகியவற்றின் மெதுவாக்க வசதிகளும், கட்டணமின்றிக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக்கின் ‘மின்டர்போலேட்’ வடிகட்டியும் நகர்வைக் கணித்து இடைநிலையை ஆக்கும் இவ்வகையைச் சார்ந்தவை. ஒரு புள்ளியின் ஒளிர்வு இரு சட்டகங்களிலும் மாறாது, அண்டைப் புள்ளிகள் ஏறக்குறைய ஒன்றாகவே நகரும் என்பன இம்முறையின் எடுகோள்கள். நீரில் மின்னும் ஒளியும், மடங்கி விரியும் சிறகும், நாணலுக்குப் பின்னே மறைந்து வெளிப்படும் பறவையும் இவ்வெடுகோள்களை மீறுகின்றன.

நான்காவது, நரம்பியல் வலையமைப்பு வழி ஆக்கம். 2018இல் என்விடியா ஆய்வாளர்கள் பங்கேற்று வெளியிட்ட சூப்பர் ஸ்லோமோ, 240 வீதத்தில் பதிவான 1,132 காணொளித் துணுக்குகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. பின்னர் டெய்ன், ரைஃப், கூகிளின் ஃபிலிம் முதலிய மாதிரிகள் வந்தன. இவை முன்பின் சட்டகங்களோடு, பயிற்சியில் கண்ட பிற காட்சிகளின் பொதுவான இயல்பையும் கொண்டு இடைவெளியை நிரப்புகின்றன. நால்வகையுள் மிகவும் இயல்பாகத் தோன்றும் காட்சியைத் தருவது இதுவே. பிழை நேரின் கண்டுபிடிக்க அரிதாவதும் இதிலேயே.

பதிவாகாத கணம்: இரு எடுத்துக்காட்டுகள்

உண்ணிக்கொக்கின் கவ்வுதலை மீண்டும் நோக்குவோம். அது நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நீடிப்பதாகக் கொள்வோம். 30 வீதப் பதிவில் அதற்கு மூன்று சட்டகங்களே கிடைக்கும். முதலாவதில் கழுத்து வளைந்துள்ளது. பூச்சி புல்லின்மேல் உள்ளது. இரண்டாவதில் கழுத்து பாதி நீண்டுள்ளது. மூன்றாவதில் பூச்சி அலகில் உள்ளது. இதனை 240 வீதமாக மாற்றினால் 24 சட்டகங்கள் தோன்றும். அவற்றுள் 21 மென்பொருளின் ஆக்கம். அலகு நேராகச் சென்று பூச்சியைப் பற்றுவதாக அவை காட்டும். உண்மையில் பூச்சி ஒருமுறை துள்ளித் தப்பியிருக்கலாம். கொக்கு அலகைத் திருப்பி மீண்டும் கவ்வியிருக்கலாம். அவ்விரு நிகழ்வுகளும் சட்டகங்களுக்கு இடையே நடந்திருந்தால் எந்த மென்பொருளாலும் அவற்றை மீட்க இயலாது. மென்பொருள் இரு நிலைகளுக்கிடையே மிக எளிய வழியைத் தேர்கிறது. உயிரியோ எளிய வழியிலேயே செல்லும் என்பதற்கு உறுதியில்லை. ‘கொக்கு முதல் முயற்சியில் இரையைப் பற்றுகிறது’ என்னும் முடிவை இக்காட்சியிலிருந்து பெறும் ஆய்வாளர், மென்பொருளின் எடுகோளையே பறவையின் நடத்தையாக எழுதிவிடுகிறார்.

இரண்டாவது எடுத்துக்காட்டு தேனீ. பறக்கும் தேனீ நொடிக்கு ஏறத்தாழ 230 முறை சிறகடிக்கிறது. நல்ல வெயிலில், மிகக் குறுகிய திறப்பு நேரத்தில், 25 வீதத்தில் அதனைப் பதிவதாகக் கொள்வோம். இரு சட்டகங்களுக்கிடையே சிறகு ஒன்பது முழுச் சுற்றுகளையும் மேலும் ஒரு சுற்றின் ஐந்தில் ஒரு பங்கையும் முடிக்கிறது. முழுச் சுற்றுகள் பதிவில் தெரியா. எஞ்சிய பகுதி மட்டுமே தெரியும். எனவே தேனீ நொடிக்கு ஐந்து முறை மட்டும் சிறகடிப்பதுபோல் தோன்றும். இப்பதிவை மென்பொருளால் பத்து மடங்கு மெதுவாக்கினால் அந்தப் பொய்யான அசைவு நெளிவுசுளிவின்றி மெருகேறும். விட்டுவிட்டுத் தெரிந்த நிலையில் ஐயத்தைத் தூண்டியிருக்கக்கூடிய காட்சி, மெருகேறியபின் நம்பத்தக்கதாகிவிடுகிறது. உண்மையைவிட 46 மடங்கு குறைந்த அளவீடு இவ்வாறு ஆய்வில் நுழையக்கூடும்.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. 240 வீதத்தில் மெய்யாகப் பதிந்தாலும் இதே தேனீ நொடிக்குப் பத்து முறை, அதுவும் பின்னோக்கிய வரிசையில், சிறகடிப்பதாகவே தோன்றும். ஓர் அலைவை ஐயமின்றி அறிய, அதன் அலைவெண்ணின் இரு மடங்கிற்கும் மேற்பட்ட வீதத்தில் மாதிரியெடுக்க வேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. தேனீக்கு அது 460ஐத் தாண்ட வேண்டும். சிறகின் வடிவமாற்றத்தையும் காண வேண்டுமெனில் அதனினும் பன்மடங்கு தேவை. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பூச்சிகளின் பறத்தலை ஆய்வோர் உயர்வேகப் படக்கருவிகளை நாடுவது இதனாலேயே. ஈக்களின் சிறகும், அதன் பின்னுள்ள சமநிலைக் குமிழும் ஒன்று மேலெழும்போது மற்றொன்று கீழிறங்கும் வகையில் ஒத்திசைந்து அதிரும் பொறிமுறையை அம்மைய ஆய்வாளர்கள் 2015இல் விளக்கினர். மென்பொருளின் இடைநிரப்பல் இத்தகைய கட்ட வேறுபாட்டை அறியத் துணைபுரியாது.

பதிப்பியல் தரும் அளவுகோல்

கணிதத்தில் இருமதிப்புகளுக்கு இடைப்பட்டதைக் கணித்தலையும், நூலில் பிறர் பாடலைச் சேர்த்தலையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கிறது. தமிழ் முன்னதை ‘இடைக்கணிப்பு’ என்றும் பின்னதை ‘இடைச்செருகல்’ என்றும் பிரித்து வழங்குகிறது. மென்பொருள் ஆக்கும் சட்டகத்திற்கு இவ்விரு பெயர்களும் பொருந்துவன. செய்முறையால் அது இடைக்கணிப்பு. குறிப்பிடப்படாமல் சான்றுக்குள் கலக்கும்போது அது இடைச்செருகல்.

தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் இச்சிக்கலை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எதிர்கொண்டனர். கம்பராமாயணத்தில் பிற்காலத்தார் சேர்த்தனவாகக் கருதப்படும் பாடல்கள் ‘வெள்ளிப் பாடல்கள்’ எனவும் ‘மிகைப் பாடல்கள்’ எனவும் பிரித்துக் காட்டப்படுகின்றன. அவற்றுள் சில மூலத்திற்கு இணையான நயமுடையவை. நயம் உண்மையென நிறுவாது என்பதே பதிப்பியலின் துணிபு. யாப்பும் நடையும் பொருந்த எழுதப்பட்ட செருகலே கண்டறிய அரியது. மிக இயல்பாகத் தோன்றும் இடைச்சட்டகத்தின் நிலையும் அதுவே.

மேலும் ஒரு பாடம் புறநானூற்றில் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த அந்நூலில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. அவ்விடங்களைத் தம் புலமையால் நிரப்பியிருக்க இயன்ற பதிப்பாசிரியர், எண்ணை நிறுத்தி இடத்தை வெறுமையாகவே விட்டார். சிதைந்த பகுதியைப் புள்ளிகளால் காட்டினார். வெறுமையும் ஒரு தரவு. இழப்பு எவ்விடத்தில், எவ்வளவு என்பதை அது பின்வருவோர்க்கு அறிவிக்கிறது. 30 வீதப் பதிவில் இரு சட்டகங்களுக்கு இடைப்பட்ட 33 மில்லிநொடி அத்தகையதோர் இடைவெளி. அதனை நிரப்பிக் காட்டுவது தவறன்று. நிரப்பியதை மூலம்போல் காட்டுவதே தவறு.

இடைச்சட்டகத்தைக் கண்டறியும் வழிகள்

பிறர் அளித்த காணொளியை ஆய்வுக்கு எடுக்குமுன் அதன் மெய்ம்மையை ஓரளவு சோதிக்க இயலும். கோப்பின் தரவுக்குறிப்பில் உள்ள சட்டக வீதம் மட்டும் போதாது. மென்பொருளில் ஆக்கிய கோப்பும் ‘240’ என்றே தன்னை அறிவிக்கும். சில கைப்பேசிகள் 480 வீதத்தில் பதிந்ததைத் தாமே 960 ஆகப் பெருக்கித் தருகின்றன என்பதும் நினைவிற்குரியது.

காணொளியைத் தனித்தனிச் சட்டகங்களாகப் பிரித்து நோக்குதலே சிறந்த வழி. முதலில், கூர்மையின் சீரான ஏற்றத்தாழ்வைக் காண வேண்டும். எட்டுக்கு ஒரு சட்டகம் தெளிவாகவும் இடைப்பட்டவை சற்றுக் குழைந்தும் இருப்பின் இடைநிரப்பலை ஐயுறலாம். இரண்டாவதாக, சிறகின் ஓரத்தையும் அதன் பின்புலத்தையும் நோக்க வேண்டும். நேரான நாணல் தண்டு சிறகின் அருகே வளைதல், சிறகின் நுனி கரைந்து மீண்டும் தோன்றுதல், கால் இரண்டாகப் பிரிதல் ஆகியன அடையாளங்கள்.

மூன்றாவது, இயக்க மங்கலின் நீளம். ஒரு சட்டகத்தின் ஒளிபெறும் நேரம் அடுத்த சட்டகம் தொடங்கும்வரையிலான இடைவெளியை மீற இயலாது. ஆதலின் ஏறத்தாழ ஒரே விரைவில் நகரும் பறவையின் மங்கல் கோடு, அப்பறவை ஒரு சட்டகத்திலிருந்து அடுத்ததற்கு நகரும் தொலைவினும் நீண்டிருக்கக் கூடாது. ‘240’ எனப்படும் கோப்பில் மங்கல் அந்நகர்வைப்போல் மூன்று நான்கு மடங்கு நீண்டிருப்பின், அது குறைந்த வீதத்தில் பதியப்பட்டது என்பது வெளிப்படை. ஆயின் மங்கல் இல்லாமை மெய்ம்மைக்கு உறுதியாகாது. குறுகிய திறப்பு நேரத்தில் எடுத்த 30 வீதப் பதிவிலும் மங்கல் இராது.

ஒரு மென்பொருள் குறிப்பிட்ட உயிரியின் அசைவுக்கு எந்த அளவு நம்பத்தக்கது என அறிய ஆய்வாளர் தாமே ஒரு சோதனை செய்யலாம். உண்ணிக்கொக்கை 240 வீதத்தில் மெய்யாகப் பதிந்து, எட்டுக்கு ஒரு சட்டகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை ஒதுக்க வேண்டும். எஞ்சியதை மென்பொருளால் மீண்டும் 240 ஆக்கி, ஒதுக்கிவைத்த மூலச் சட்டகங்களோடு ஒப்பிட வேண்டும். படம் முழுவதையும் ஒப்பிடும் எண்மதிப்புகள் இங்கு ஏமாற்றும். படத்தின் பெரும்பகுதி அசையாத புல்வெளியாதலின் ஒப்புமை உயர்ந்தே காணப்படும். அலகின் நுனி, சிறகின் நுனி, பூச்சியின் இடம் ஆகிய புள்ளிகளை மட்டும் ஒப்பிடுவதே பொருத்தமானது.

ஆய்வில் பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் பின்வரும் நெறிகளைப் பரிந்துரைக்கலாம்.

1. மூலக்கோப்பை மாற்றமின்றிப் பாதுகாத்து, அதன் ஹாஷ் மதிப்பைக் குறித்துவைத்தல். மெதுவாக்கம் படியொன்றில் மட்டுமே செய்யப்பட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படியான மின்னணுச் சான்றிதழிலும் ஹாஷ் மதிப்பு இடம்பெறுகிறது. வேட்டை போன்ற குற்றங்களைக் காட்டும் பதிவுகளுக்கு இது மிகவும் இன்றியமையாதது.

2. பதிவு வீதம், திறப்பு நேரம், காட்டும் வீதம், மென்பொருளின் பெயரும் பதிப்பும், மெதுவாக்க மடங்கு ஆகியவற்றை ஆய்வுமுறையியல் பகுதியில் தருதல்.

3. நேரம், விரைவு, சிறகடிப்பு எண்ணிக்கை முதலிய அளவீடுகளை மூலச் சட்டகங்களிலிருந்து மட்டும் பெறுதல். 30 வீதப் பதிவை எத்தனை மடங்கு மெதுவாக்கினாலும் அதன் காலநுணுக்கம் 33 மில்லிநொடியே.

4. ஆய்வேட்டில் அச்சிடும் நிலைப்படம் மூலச் சட்டகமாகவே இருத்தல்.

5. விளக்கத்திற்காக மென்பொருள்வழி மெதுவாக்கிய காட்சியைக் காட்டுமிடத்து, ‘இடைச்சட்டகங்கள் மென்பொருளால் ஆக்கப்பட்டவை’ என்னும் குறிப்பைத் திரையிலேயே இடுதல்.

இந்நெறிகள் மென்பொருளை விலக்குவன அல்ல. ஆழமற்ற நீரில் நடக்கும் பூநாரையைப் போன்று மெல்ல அசையும் உயிரியின் காட்சியைச் சற்று மெதுவாக்கி வகுப்பறையில் காட்ட அது பெரிதும் பயன்படும். 50 வீதத்தில் பதிந்து 25இல் காட்டினால் இரு மடங்கு மெதுவியக்கம் எவ்வித ஆக்கமும் இன்றியே கிடைக்கும் என்பதையும் மாணவர்க்கு உணர்த்தலாம்.

தொகுப்புரை

மெதுவியக்கம் கண்ணால் காண இயலாததைக் காட்டும் கருவியாகத் தோன்றியது. உயர்வேகப் படக்கருவி தரும் மெதுவியக்கம், நிகழ்வை மிகுதியான இடங்களில் தொட்டுப் பெற்ற பதிவு. மென்பொருள் தருவது, குறைவான இடங்களில் தொட்டதன்மேல் எழுந்த ஊகம். இரண்டும் திரையில் ஒன்றுபோல் தோன்றுவதாலேயே வேறுபாட்டைக் குறிப்பிடும் கடமை ஆய்வாளரைச் சேர்கிறது. மூலத்தையும் செருகலையும் பிரித்தறியும் பயிற்சி தமிழாய்வுக்குப் புதியதன்று. ஏட்டில் சிதைந்த அடியைப் புள்ளியிட்டுக் காட்டிய அந்நேர்மை, வயல்வெளியில் கொக்கு இரை கவ்விய கணத்தைப் பதியும் இன்றைய ஆய்வுக்கும் வேண்டப்படுகிறது.